சிரித்தால் கன்னத்தில் இடிக்குமா?

பொற்கொடி,

ரசமும் அவரைக்காய்ப் பொரியலும் மூடி வைத்திருக்கிறேன். மில்லிலிருந்து வந்ததும் சாப்பிடு. நான் செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்புகிறேன்.

காலையில் டவுன்ஹால் பக்கம் கண்ணாடிக் கடைக்குப் போனேன். மூக்குக்கண்ணாடியின் உடைந்த காலை மில் நூலால் கட்டிக்கொண்டு நீ போவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கடைக்காரர், "ஊட்டுக்காரம்மாவுக்கு மொகம் வட்டமுங்களா, நீளமுங்களா?" என்றார். வட்டம் என்றேன். "புருவம் ஃபிரேமுக்கு மேல தெரியோணுங்க. அவங்க சிரிச்சா கன்னம் ஏறி ஃபிரேமுல இடிக்குங்களா?" என்று கேட்டார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். நீ வரும்போது நான் போகிறேன் என்று ஷிப்ட் மேல் பழி போடலாம். ஆனால் போன ஞாயிறு வீட்டில்தானே இருந்தேன்? கண்ணாடி உடைந்ததென்று நீ வந்து நின்றபோது, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "உன் மூஞ்சிய ஆரு பாக்கறாங்க, ஏதோ ஒண்ணு எடுத்துப் போடு" என்று சொல்லிப்போட்டேன்.

தெரிந்தவர் என்பதால் மூன்று ஃபிரேம் கொடுத்தனுப்பினார். அலமாரியில் இருக்கின்றன. தனியாகப் போட்டுப் பார்த்து எடுத்துவிடாதே. பவர் இல்லாத வெறும் ஃபிரேமில் உனக்கு உன் முகமே மங்கலாகத்தான் தெரியுமாம். ஞாயிற்றுக்கிழமை எதிரே உட்கார்ந்து நான் பார்த்துச் சொல்கிறேன்.

வேலன்

கேஸ்காரர் வந்தால் காலி சிலிண்டர் பின்வாசலில்.

இன்னொன்று, அம்மணி. இடிக்கிறதா என்று பார்க்க நீ சிரிக்க வேண்டும். திங்கட்கிழமை வரை ஃபிரேம்களை வைத்துக்கொள்ளலாம் என்றார். அது போதாதென்றால் இன்னும் ஒரு வாரம் கேட்டு வாங்குகிறேன்.