வாய் திறந்த வெள்ளிக்கிழமை

ஜனவரி 11, 1998. ஞாயிறு

பூனா குளிர். தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. இட்லிக்கு ஊறப்போட்டாயிற்று.

ஆஸ்பத்திரி கிளார்க் வந்தார். வெள்ளிக்கிழமை எங்கள் ஃபாக்டரி குவார்ட்டர்ஸ் மைதானத்துக்கு வாய்ப் புற்றுநோய் சோதனை பஸ். முழுக்க சர்க்கார் செலவு. ஆனால் கூட்டம் சேராவிட்டால் அடுத்த வருடம் அந்தப் பணம் வேறு ஏரியாவுக்கு. எனக்கு மராத்தி வருமாம், தமிழ் வீடுகளைத் திரட்டும் வேலை என் தலையில்.

எனக்குக் கவலை சரோஜா. என் வீட்டுக்காரருடைய தங்கை, பக்கத்து வீடு. கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டு, குழம்பு பட்டால் எரிச்சல். என்னிடம் மட்டும் காட்டினாள். சிரித்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

எல்லாம் மிஸ்ரி செய்த வேலை. புகையிலையைச் சுட்டுப் பொடித்துப் பல்லில் தேய்ப்பது. இந்த ஊருக்கு வந்து நாங்கள் முதலில் கற்றுக்கொண்ட பாடம்! அவள் புருஷனுக்குத் தெரியாது. என் புருஷனுக்கும்தான்.

ஜனவரி 14

வீடு வீடாகப் பொங்கலோடு போனேன். எல்லா வீட்டிலும் ஒரே பாட்டு: "மிஸ்ரியா? நானா? சீச்சீ!"

சரோஜா: "நான் வர்ல அண்ணி. அவரு முன்னாடி எப்படி வாயத் தொறக்கிறது?"

கோபம். அதைவிடப் பயம்.

ஜனவரி 16. வெள்ளி

நல்ல கூட்டம்! சரோஜாவும் வந்தாள், கடைசியில் ஒதுங்கி. டாக்டரம்மா முதல் வாயைப் பார்த்தார். கறுப்பு. அடுத்ததும் கறுப்பு. டாக்டர் பார்க்கப் போகிறாரே, வாய் சுத்தமாக இருக்கட்டும் என்று ஆளாளுக்கு ஒரு சிட்டிகை மிஸ்ரி கூடவே தேய்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். நான் உட்பட.

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

இவர்: "நீயுமாடி?"

"ஆமா. உங்க பீடி மட்டும் பிரசாதமா?"

மைதானமே சிரித்தது. சரோஜா தன் புருஷனைப் பார்த்தாள். "நானுந்தாங்க," என்றாள். விறுவிறுவென்று பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

அவள் கன்னத்துத் திட்டிலிருந்து துளி சதை வெட்டிச் சோதனைக்கு எடுத்தார்கள். கூட்டம் தீரவில்லை, பஸ் நாளையும் உண்டு.

ஜனவரி 23

ரிசல்ட். சரோஜாவோடு நாங்களும் போனோம்.

புற்றுநோய் இல்லை! விட்டிருந்தால் ஆகியிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. மிஸ்ரி கூடாது, கூப்பிடும்போதெல்லாம் வந்து காட்ட வேண்டும், செலவு சர்க்காருடையது. ஆஸ்பத்திரி வராந்தாவில் கட்டிப்பிடித்து அழுதோம். சரோஜா புருஷனும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், தூசியாம்.

கிளார்க் பின்னாலேயே ஓடி வந்து சொன்னார்: அடுத்த வருட பஸ்ஸும் நமக்கே. பக்கா. ஜெயித்தோம்!

ஜனவரி 26

கொடியேற்றம், ஜிலேபி. மிஸ்ரி டப்பா சாக்கடையில். அதை விட்டதிலிருந்து தலைவலி, பார்த்தவர் மேலெல்லாம் எரிந்து விழுகிறேன். போகட்டும்.

இவர்: "அடுத்த வருஷமாவது பல்லு வெளக்காம போங்கம்மா!"

சரோஜா சிரித்தாள். மைதானம் முழுக்க ஆட்கள். முந்தானை தோளிலேயே இருந்தது.