கல்யாணமானவர்களின் எல்லை

ஆகஸ்ட் 4
என் உடற்கல்வி ஆய்வுக்காக இன்று மூன்று பேர் டிரெட்மில்லில் ஓடினார்கள். கல்லூரிப் பெண்கள் இருவர், ஹாஸ்டலில் சமைக்கும் சாலம்மாள் அக்கா. நெஞ்சைச் சுற்றிக் கட்டும் பட்டையைக் கையில் வாங்கி, "இத வச்சி என்னாத்த பாப்ப பாப்பா?" என்றார் அக்கா. இதயத்தின் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ள நேரம் சற்றே கூடும், குறையும். ஓட்டம் கடினமாக ஆக அந்த ஏற்ற இறக்கம் மாறும். எந்த வேகத்தில் மாறுகிறதோ அதுதான் உடம்பின் எல்லை, அதற்கு மேல் நெடுநேரம் தாங்காது என்றேன். பாதியில் குரல் போகாமல் சொல்லி முடித்தது எனக்கே ஆச்சரியம்.

ஆகஸ்ட் 19
என் வழிகாட்டி சந்திரமோகன் சார் முடிவுகளைப் பார்த்தார். கல்லூரிப் பெண்களைவிடக் கல்யாணமானவர்களுக்கு எல்லை மிகச் சீக்கிரம் வந்துவிடுகிறது. "இதுதாம்மா உன் தீசிஸ்! கல்யாணத்துக்கப்புறம் பொம்பளைங்க உடம்பக் கவனிக்கறதில்ல. அப்படியே எழுது. அடுத்த மாசம் சப்மிட் பண்ணிடலாம்."
சரிங்க சார்.

ஆகஸ்ட் 20
அப்பாவுக்குப் போன் செய்தேன். தொப்பூர் கடையில் புரோட்டா போட்டுக்கொண்டிருந்தார். "எம்பொண்ணு எம்.பி.எட். முடிச்சிட்டா!" என்று அங்கிருந்தவர்களிடம் கத்தினார். இன்னும் முடிக்கலப்பா.

ஆகஸ்ட் 27
சாலம்மாள் அக்காவுக்கு இரண்டாம் முறை. எல்லை தாண்டிவிட்டது என்று கணினி காட்டுகிறது. அக்காவோ ஓடிக்கொண்டே, "எவ்ளோ ஓடியும் பொம்மிடி ஸ்டேசன் வரமாட்டேங்குதே!" என்கிறார். என்னோடு படிக்கும் சோபனா விழுந்து விழுந்து சிரித்தாள். எல்லை தாண்டியவரால் இப்படி மூச்சு வாங்காமல் பேச முடியுமா?

முடிந்ததும் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பட்டையை நானே கழற்றினேன். பட்டைக்கும் தோலுக்கும் நடுவில் தாலி.
"ஆடாம இருக்கட்டும்னு உள்ள செருகிக்கிட்டோம். தாலி இருக்கறவங்க அல்லாரும் அப்படித்தான் பண்ணோம்."
பட்டை தோலில் சரியாக ஒட்டவில்லை. இல்லாத துடிப்புகளை எல்லாம் எண்ணியிருக்கிறது. இத்தனை நாள் பட்டையைக் கையில் கொடுத்துவிட்டு, கூச்சத்தில் நான் திரும்பி நின்றுகொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 29
தாலியை முதுகுப் பக்கம் போட்டுக்கொண்டு அக்கா மறுபடி ஓடினார். கல்லூரிப் பெண்களின் அளவுக்கே வந்தது. ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது. எல்லாரையும் மறுபடி ஓடச் சொல்ல வேண்டும்.
சோபனா சொன்னாள்: "வாய மூடிக்கினு எழுதிக் குடுடி. யாரு வந்து பாக்கப் போறாங்க?"
யாரும் பார்க்கமாட்டார்கள். அதனால்தான் தூக்கம் வரவில்லை.

செப்டம்பர் 1
சாரிடம் சொல்லிவிட்டேன்.
"தாலியக் கழட்டச் சொன்னியா?" — நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.
"இல்லீங்க சார். பின்னால போட்டுக்கிட்டாங்க."
"மறுபடி எடுத்தா இந்த வருசம் சப்மிட் பண்ண முடியாது. தெரியுமில்ல?"
"தெரியுங்க சார்."
"அப்புறம் என்ன?"
"அவங்க உடம்பப் பத்தித் தப்பா எழுத முடியாதுங்க சார்."
நானா சொன்னேன்? சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "சரி, எடு" என்றார். கோபமா இல்லையா, தெரியவில்லை.

செப்டம்பர் 2
அப்பாவிடம் சொல்லவில்லை.

நவம்பர் 14
சோபனாவுக்கு அரூரில் பள்ளி வேலை. ஸ்வீட் பாக்ஸோடு வந்துவிட்டுப் போனாள்.

கடைசிப் பெண்ணும் இன்று ஓடி முடித்தார். பட்டம் தள்ளிப்போனதைச் சாயங்காலம் போனில் அப்பாவிடம் ஒருவழியாகச் சொன்னேன். அவர் கேட்டார்: "ஒரு வருசம் தள்ளிப் போச்சே, என்னாத்தம்மா கண்டுபுடிச்ச?"
"கல்யாணம் ஆனவங்களுக்கும் ஆகாதவங்களுக்கும் பெருசா வித்தியாசம் இல்லேன்னுப்பா."
"இதச் சொல்றதுக்கா ஒரு வருசம்?"
"ஆமாம்ப்பா."