அப்பா கொடுத்த இரும்பு

மார்ச் 4

அன்புள்ள குட்டி,

அப்பாவுக்கு ஸ்கேன் எடுத்தாயிற்று. மூளையில் இரும்பு படிந்து கிடக்கிறதாம். கை வெட்டி வெட்டி இழுப்பதும், மறதியும் அதனால்தானாம். பரம்பரையாக வருவது, நம் இருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்கிறார் டாக்டர். நீயும் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடு.

இன்னொன்றைச் சொல்லாவிட்டால் நெஞ்சு ஆறாது. அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையை அரை நாளாக்கிக்கொண்டு அவரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிடுகிறவள் நான். நேற்று வாயைத் துடைக்கும்போது, "குட்டி, உங்கக்கா எங்க? வரவே மாட்டேங்குறாளே?" என்று என்னிடமே கேட்கிறார். வயிறு எரிந்துவிட்டது, போ.

உன் அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு எரியாதா? நீ அவர் பக்கத்தில் இருக்கிறாய். நான் எங்கோ ஒரு கிளினிக்கில் ஊரார் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். அவர் தேடியது உன்னைத்தான் என்பதுகூடவா உறைக்கவில்லை? என்னை யார் தேடினார்கள்?

ரத்தம் கொடுத்துவிட்டேன்.

குட்டி

ஏப்ரல் 20

அன்புள்ள குட்டி,

எனக்கு இல்லையாம். ஆஸ்பத்திரிப் படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். உனக்கு என்ன சொன்னார்கள்? போனையும் எடுக்க மாட்டேன் என்கிறாய். என்னடி ஆயிற்று?

அக்கா

ஏப்ரல் 29

அக்கா,

எனக்கு இருக்கிறது. கை இன்னும் ஆடவில்லை. எப்போது ஆடும் என்று யாராலும் சொல்ல முடியாதாம். நேற்று ஒருவருக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கும்போது, அவர் வாயைப் பார்க்காமல் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உனக்கு இல்லை என்று படித்ததும் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. ஒரே வயிற்றில் பிறந்து இவள் மட்டும் எப்படித் தப்பினாள் என்றுதான் தோன்றியது. உன் கையெழுத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கொஞ்ச நாள் எழுதாதே.

குட்டி

மே 6

என் குட்டிக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். ஆசை தீரப் பொறாமைப்படு. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் 'எனக்கு இல்லையாம்' என்ற அந்தக் கடிதத்தைக் கிழித்தே போட்டிருப்பேன்.

நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நீ எழுதியதைப் படித்த முதல் நொடியில், 'இதையும் இவளுக்கேதான் கொடுத்தாரா' என்று நினைத்தேன். பாவி மனசு. அதற்கப்புறம்தான் அழுகை வந்தது. இப்போது நமக்குள் சரிக்குச் சரி.

வியாழக்கிழமை ரயிலில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். நீ கதவைத் திறக்காவிட்டால் வாசலிலேயே உட்கார்ந்திருப்போம். அவருக்கு நேரம் தெரியாது. எனக்கு வேறு வேலை இல்லை.

அக்கா