ஊசி ஏறிய விரல்

ஆம்பூர்,
1931, மாசி மாதம்

அம்மாவுக்கு, மகள் கன்னியம்மாள் கும்பிட்டு எழுதுவது. உன் முழங்கால் வலி இப்போது கம்மியா? என் மகள் பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

தோல் பதனிடும் ஷாப்பில், சுண்ணாம்பில் ஊறிய தோல்முடியை அலசும் வேலையை விட்டுவிட்டேன். பிழைக்க வந்த எங்களைப் போன்றவர்களுக்கு மிஷன் வீட்டில் தையலும் எழுத்தும் சொல்லித் தருகிறார்கள். இது நானே எழுதிய கடிதம்.

போன வாரம் ஒரு வேடிக்கை. தைக்கும்போது பக்கத்திலிருந்த ராஜம்மாள், "இன்னாடி, ரத்தம்!" என்று கத்தினாள். ஊசி என் விரலில் பாதி ஏறியிருந்தது. எனக்குத் தெரியவே இல்லை.

"சுண்ணாம்புத் தண்ணியில ஊறின கை, மரத்துத்தான் போவும்" என்று சிரித்தேன். டீச்சரம்மா சிரிக்கவில்லை. டாக்டரிடம் அழைத்துப் போனார். அவர் என் கையிலிருந்த வெளிறிய தேமலைப் பார்த்துவிட்டு, கண்ணை மூடச் சொல்லி, "இறகால தொடுவேன், தொட்டதும் சொல்லு" என்றார். எப்போது தொடுவார் என்று காத்திருந்தேன். கண்ணைத் திறந்தபோது, அவர் தொட்டு முடித்து எழுதிக்கொண்டிருந்தார்.

கவலைப்படாதே, வலி துளியும் இல்லை. பங்குனியில் பாப்பாவை இங்கே அழைத்து வர வேண்டாம். வெயில் ஜாஸ்தி. அவளுடைய பழைய பாவாடை ஒன்றைத் துவைக்காமல் அனுப்பு. அந்த அளவில் ராஜம்மாள் புதிது தைத்து அனுப்புவாள்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். புதுப் பாவாடையைப் பாப்பாவுக்குப் பயமில்லாமல் போட்டுவிடு. நான் அதைத் தொடமாட்டேன்.

கன்னியம்மாள்