நீ அனுப்பிய மரம் ஊமை இல்லை

ஜெலுத்தோங், பினாங்கு
17.1.1988

அன்பு மகன் கமாலுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அத்தாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் உடம்பு கெடாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். நல்லபடியாக இருக்கிறோம் என்று வழக்கம்போல எழுதிவிட்டேனே தவிர எனக்கு மனது சரியில்லை. நோன்புப் பெருநாளுக்கு நீ போன் செய்தபோது அத்தா "லைன் சரியில்லலா" என்று சொல்லி ரிசீவரை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார், ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் அதே கதை, அத்தாவுக்கு உன் மேல் என்ன கோபம் என்று நீ கேட்டு எழுதியிருந்தாய். கோபமும் இல்லை ஒன்றும் இல்லை மகனே. லைனும் நன்றாகத்தான் இருந்தது, நீ வான்கூவரில் மூக்கை உறிஞ்சியதுகூட எனக்குக் கேட்டது. அத்தாவுக்குத்தான் காது கேட்கவில்லை. இதை இத்தனை நாள் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்பாய். பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொல்ல ஆரம்பித்தால் முதல் வார்த்தையிலேயே இழைப்புளியைக் கீழே வைக்கிற மனிதர் அவர், உனக்குத் தெரியாததா. இப்போது பாங்கு முடிந்து நான் தொழுதுவிட்டு வந்தும் பின்கட்டில் மரம் இழைக்கிற சத்தம் நிற்பதில்லை. சென்ற நோன்பு மாதத்தில் தினமும் நோன்பு திறக்கிற நேரத்தில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், இந்த வயதில் என்ன பார்வை என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. நான் பேரீச்சம்பழத்தை எடுத்த பிறகு அவர் எடுக்கிறார் என்பது நோன்பு முடியும் தருவாயில்தான் என் மரமண்டைக்கு ஏறியது. பாங்கு கேட்கவில்லை, என் கையைப் பார்த்து நோன்பு திறந்திருக்கிறார். எதிரே நின்று பேசினால் மட்டும் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறார். பிறகு ஒரு நாள் கச்சேரிக்கு வாசிக்கிற அப்துல் அஜீஸ் அண்ணன் ரிப்பேருக்குக் கொடுத்த கிட்டாரை வாங்க வந்தவர், வாசித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, மேக்கம்பி கொஞ்சம் ஏறி நிக்குது" என்று பயந்து பயந்துதான் சொன்னார். அத்தாவுக்கு வந்ததே கோபம், நான் முப்பது வருசமா கிட்டார் செய்யிறேன் நீ எனக்கு சுருதி சொல்றியா என்று கத்திவிட்டார். அந்தக் கம்பி ஏறித்தான் இருந்தது, சமையலறையிலிருந்த எனக்கே பல் கூசியது. உன் அக்கா ரொஸ்னா போன ஞாயிற்றுக்கிழமை பட்டர்வொர்த்திலிருந்து பிள்ளைகளோடு ஃபெர்ரி ஏறி வந்தாள், டாக்டரிடம் காட்டலாமே அத்தா என்று மெதுவாகப் பேச்செடுத்தாள், சாப்பாட்டில் பாதியிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். பிள்ளை அழுதுகொண்டே திரும்பிப் போனாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கடைக் கிட்டார் எல்லாம் போதும், அத்தா கையால் செய்த ஒன்றில்தான் இனிமேல் வாசிப்பேன் என்று எழுதி, அந்த ஊர் ஸ்ப்ரூஸ் மரப் பலகையில் இரண்டு ஜோடி அனுப்பினாயே, அது வந்த நாளில் அவர் சின்னப் பிள்ளை மாதிரி அதை மோந்து மோந்து பார்த்தார். ஈரம் ஏறக்கூடாது என்று அடுப்புக்கு மேலே பரணில் வைத்து, மழை விடும்வரை காத்திருந்தார். இந்த வறண்ட மாதத்தில்தான் பலகையை ஒட்ட வேண்டும், மழைக்காலத்தில் ஒட்டினால் உன் ஊர் ஹீட்டருக்கு மரம் சுருங்கிப் பிளந்துவிடும் என்கிறார். கிட்டாரின் பக்கத்துக்கும் முதுகுக்கும் பாலிக் பூலாவிலிருந்து வந்த பலாமரம், நல்ல மஞ்சள். இரும்புக் குழாயைச் சூடாக்கி ஈரத்துணி வைத்து அந்தப் பலகையை இடுப்பு மாதிரி வளைத்தாகிவிட்டது. கம்பி உட்காருகிற கட்டைக்கு எலும்பு வேண்டுமென்று பாசாரில் மாட்டுக் காலெலும்பு வாங்கிவந்து என் சூப் சட்டியில் போட்டு அவித்தார், வீடெல்லாம் அந்த வாடைதான், அந்தச் சட்டியை இனி அவரையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். ஒரு ஜோடியைச் சேர்த்து ஒட்டினால் வருகிற முகப்புப் பலகைதான் கிட்டாருக்கு உயிர் என்று உனக்கே தெரியும். அதைக் கொஞ்சம் இழைப்பார், இரண்டு விரலில் தொங்கவிட்டுக் காதோரம் வைத்து விரல் முட்டியால் தட்டுவார், மறுபடியும் இழைப்பார். கனமாக இருக்கும்போது டொக்கென்று கட்டையாகக் கேட்கும், அளவுக்கு வந்ததும் பித்தளைக் குவளை மாதிரி கணீரென்று நீண்டு ஒலிக்கும், அந்த நொடியில் நிறுத்திவிட வேண்டும். முதல் ஜோடியை அவர் தட்டியபோது அது கணீரென்று ஒலித்தது, வெங்காயம் அரிந்துகொண்டிருந்த எனக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது. ஆனால் அவர் நிறுத்தவில்லை. இன்னும் இழைத்தார், இன்னும் தட்டினார். "என்னா மரம்லா இது, ஊம மரத்த அனுப்பியிருக்கான்" என்று சொல்லிக்கொண்டே அப்பளம் மாதிரி ஆகும்வரை இழைத்து, கடைசியில் அது கையிலேயே நெளிந்து கீறல் விட்டுவிட்டது. நிறுத்துங்கள் என்று நான் எழுந்து போய்ச் சொல்லவில்லை. அவர் வேலையில் நான் என்றைக்கு வாய் வைத்திருக்கிறேன்.

இனி இருப்பது ஒரே ஒரு ஜோடி. இதுவும் பேசவில்லை என்றால் உளி இழைப்புளி எல்லாவற்றையும் அஜீஸிடம் தூக்கிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற ஆள். அதனால் கமால், உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் கிட்டார் எப்படி வந்து சேர்ந்தாலும், தகர டப்பா மாதிரி சத்தம் போட்டாலும் சரி, அருமையாக இருக்கிறது அத்தா என்று அவருக்கு எழுதிவிடு. அம்மாவுக்காக இந்தப் பொய் ஒன்றைச் சொல், பாவம் வந்தால் என் கணக்கில் இருக்கட்டும்.

6.3.1988

மேலே இருப்பதை எழுதி முடித்து மடித்தும் வைத்தேன், அனுப்பத்தான் வழியில்லை. நான் எழுதுகிற கடிதத்தையெல்லாம் தபாலில் போடுவது அத்தா, இதை எப்படி அவர் கையில் கொடுப்பேன். ரொஸ்னா வந்தால் கொடுத்துவிடலாம் என்று தையல் மிஷின் டிராயரில் ஒளித்து வைத்தேன், அவளுக்கு அத்தா மேல் வருத்தம், பல வாரம் வரவில்லை. அதற்குள் இங்கே எல்லாமே மாறிப்போய்விட்டது. கிழித்துவிட்டுப் புதிதாக எழுத நினைத்தேன், பிறகு நான் பட்ட பாடும் உனக்குத் தெரியட்டும் என்று அப்படியே சேர்த்து அனுப்புகிறேன்.

தைப்பூசத்துக்கு மறுநாள் அத்தா இரண்டாவது ஜோடியைக் கையில் எடுத்தார். முந்தின நாள் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போன கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் நடந்தே வந்த எனக்குக் கால் வலி, மீன் கழுவிக்கொண்டு சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தேன், காது மட்டும் பின்கட்டில். டொக், டொக் என்றுதான் கேட்டது. இழைப்பார், தட்டுவார், டொக். எனக்கு மீன் எது செதில் எது என்று தெரியவில்லை. திடீரென்று கணீரென்றது. நான் என்ன செய்கிறேன் என்று யோசிக்கவே இல்லை கமால், மீன் கையோடு ஓடிப்போய் அவர் இழைப்புளி மேல் கையை வைத்துவிட்டேன். இத்தனை வருடத்தில் டீ வைப்பதற்குத் தவிர அந்த பெஞ்சுப் பக்கம் நான் போனதில்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் பலகையைக் காட்டி, போதும், வந்திருச்சு என்று சத்தமாகச் சொன்னேன். அவர் இழைப்புளியைக் கீழே வைத்தார். பிறகு, "மொதப் பலகையும் இப்படித்தான் பேசுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் கிறுக்குத்தனமாகக் கத்துவார் என்று நான் பயந்தேன், அவரோ ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். உன் அத்தா அழுது நான் பார்த்ததில்லை, உன் பெரியத்தா மௌத்தான அன்றுகூட அழவில்லை. பக்கத்தில் போய் நின்றேன், மீன் கையாக இருந்ததால் தொட முடியவில்லை.

பிறகு அவரே எழுந்து முகத்தைக் கழுவிவிட்டு வந்தார். பலகையை என் கையில் கொடுத்து, "புடி. இந்த எடத்துல ரெண்டு வெரலால புடி. தட்டு" என்றார். எனக்கு இது வராது என்றேன். "முப்பது வருசம் செவத்துக்கு அந்தப் பக்கம் ஒக்காந்து கேட்டிருக்கல்ல, தட்டு" என்றார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு எனக்கு அங்கேதான் வேலை. சமையல் எல்லாம் ஏதோ நடக்கிறது, ஒரு நாள் ரசத்தில் உப்பே இல்லை, அவரும் அப்படியே ஊற்றிச் சாப்பிட்டுவிட்டார். பலகையின் உள்பக்கத்தில் பெருக்கல் குறி மாதிரி குச்சிகளை ஒட்டினார், அந்தக் குச்சிகளை உளியால் சீவச் சீவத்தான் சத்தம் திறக்கும். அவர் சீவுவார், நான் தட்டுவேன், இப்ப எப்படி என்பார், இன்னும் கொஞ்சம் என்பேன். என் ஒரு சொல்லுக்கு அவர் கை போகிறது கமால். தப்பாகச் சொன்னால் சீவின மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கத்திலும் டொக் டொக் என்றுதான். மெல்லிய கம்பிப் பக்கத்துக் குச்சியில் நிறுத்தச் சொன்னது கேட்டுத்தான் சொன்னேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தடித்த கம்பிப் பக்கத்தில் நிறுத்தச் சொன்னது கேட்டுச் சொன்னதா, பயத்தில் சொன்னதா என்று எனக்கே தெரியவில்லை. இன்னும் இரண்டு சீவல் போயிருக்கலாமோ என்று அப்போதே தோன்றியது, அதற்குள் போதும் போதும் என்று சொல்லிவிட்டேன். அவரும் உளியை வைத்துவிட்டார்.

பிறகு முகப்போடு முதுகையும் பக்கத்தையும் சேர்த்து ஒட்டி, பழைய சைக்கிள் டியூப்பை நீளமாக வெட்டி, கைக்குழந்தைக்குத் துணி சுற்றுகிற மாதிரி இழுத்துச் சுற்றிக் கட்டிக் காய வைத்தார். உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டி வழவழப்பாக்கி, அரக்குக் கரைசலைத் துணியில் தொட்டுத் தொட்டுப் பூசினார், பலாமரம் இப்போது தேன் நிறம். போன வெள்ளிக்கிழமை கம்பி மாட்டினார். அஜீஸ் அண்ணனை அவரே கூப்பிட்டு விட்டு, எனக்குக் காது போயிருச்சுப்பா, அன்னிக்கி நீ சொன்னது சரிதான், சுருதி நீயே கூட்டு என்று சொன்னார். அஜீஸ் அண்ணன் கண் கலங்கிப் போய்விட்டார். வாசித்துப் பார்த்து மாஷா அல்லாஹ் மாஷா அல்லாஹ் என்றார், ஆனால் அவர் என் வீட்டு டீயையும் அப்படித்தான் புகழ்வார், அவர் சொல்லை நம்பி என்ன செய்வது. எனக்கு நன்றாகத்தான் கேட்கிறது. நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற காது அது, அதையும் நம்ப முடியவில்லை. ரொஸ்னாவும் வந்து போனாள், அடுத்த வாரம் அத்தா அவளோடு டாக்டரிடம் போக ஒத்துக்கொண்டிருக்கிறார். அது ஒரு நிம்மதி.

கிட்டார் நாளைக்கு விமானத்தில் வருகிறது. அத்தாவே பெட்டி செய்து, என் பழைய தலையணைப் பஞ்சையெல்லாம் உருவி அடைத்திருக்கிறார். வந்ததும் அவசரப்பட்டுத் திறக்காதே, குளிரிலிருந்து வந்த பெட்டியை ஒரு நாள் அறையிலேயே மூடி வைத்திருந்து பிறகு திற. ஹீட்டர் பக்கம் கொண்டுபோகாதே, சோப்பு டப்பாவில் ஓட்டை போட்டு ஈரப் பஞ்சு வைத்து கிட்டார் வயிற்றுக்குள் போட்டு வை என்று சொல்லச் சொன்னார். உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே, வேளைக்குச் சாப்பிடு, ஜும்ஆத் தொழுகையை விடாதே. இனி போன் செய்தால் அத்தாவைக் கேட்காதே, என்னிடம் பேசு, நான் அவருக்கு எழுதிக் காட்டுகிறேன்.

முன்னால் நான் கேட்டிருக்கிற பொய்யை எழுதிவிடாதே மகனே. இன்று காலையில் அத்தா சொன்னார், "நல்லா இல்லன்னா எங்க நல்லா இல்லன்னு எழுதச் சொல்லு, அப்பத்தான் ஒன் காது படியும்" என்று. நீ எங்கள் மனது நோகக்கூடாதென்று அருமை அருமை என்று எழுதினால், அதை நம்பி அடுத்த மரத்தையும் நான் அதே இடத்தில் நிறுத்தச் சொல்வேன், அவரும் நிறுத்துவார். அவருக்கு இனி வேறு காது இல்லை. தடித்த கம்பி மந்தமாக இருந்தால் அது அவர் கையின் குற்றம் இல்லை, என் பயம், அப்படியே எழுது. பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி நான் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், ஆனாலும் உண்மையையே எழுது. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தந்து, எங்கள் கண் முன்னால் ஒரு நாள் கொண்டுவந்து சேர்ப்பானாக. அடுத்த கிட்டாருக்கு இந்த ஊர் மரத்திலேயே ஒரு பலகை பெஞ்சின் மேல் தயாராக இருக்கிறது, உன் கடிதம் வரும்வரை அதில் இழைப்புளியை வைக்க மாட்டேன் என்று அத்தா சும்மாவே உட்கார்ந்திருக்கிறார். சீக்கிரம் எழுது.

என்றும் உனக்காகத் துஆச் செய்யும்
உன் அம்மா
நூர்ஜான்