அம்மா அறை விளக்கு எரிகிறது

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நீ சுகமாக இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. நாங்கள் சுகமா என்று நான் எழுத வேண்டிய அவசியமும் இல்லை, தினமும் காலையில் நம் குடும்பக் குழுவில் 'அம்மா அறை விளக்கு எரிகிறது' என்று ஒரு செய்தி வந்துவிடுகிறது, நீயும் அதற்கு ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாய். பிள்ளைக் கடன் அதோடு தீர்ந்தது.

போன முறை வந்தபோது அம்மா அறையில் ஒரு ஸ்மார்ட் ஸ்விட்ச் மாட்டிவிட்டுப் போனாயே, நினைவிருக்கிறதா? இரவு வெளிச்சம் ரத்தக்கொதிப்புக்கு ஆகாது என்று எங்கேயோ படித்துவிட்டு, அங்கிருந்தே போனில் தினமும் விளக்கை அணைப்பாய். நான் மறுபடி போட்டேன் என்று கோபித்துக்கொண்டு, சின்னப் பிள்ளைகள் கை வைக்காமல் இருக்க அதில் ஒரு பூட்டு இருக்கிறதாமே, அதைப் போட்டு வைத்தாய். அதற்குப் பிறகு பொத்தானை அமுக்கினால் ஒன்றும் ஆகாது. எங்கள் வீட்டு விளக்குக்கு நாங்கள் யாரோ. ஒரு நாள் இரவு அம்மா குளியலறைக்குப் போக எழுந்தவள் அந்தப் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்திருக்கிறாள், எரியவில்லை, சுவரைத் தடவிக்கொண்டே நடந்து விழுந்துவிட்டாள். இடுப்பு எலும்பு முறிந்தது. ஆம், இது உனக்குப் புதுச் செய்தி. அவனுக்குச் சொல்லாதீங்க, பயந்துடுவான் என்று ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே சொன்னாள். உன் அக்கா சொல்லிவிடத் துடித்தாள். அவன் கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று அடக்கி வைத்தேன். நீ இன்னும் கேட்கவில்லை.

அந்த வாரமே அக்காவை உட்காரவைத்து ஸ்விட்சைக் கழற்றச் சொன்னேன். நீ செருப்பு டப்பாவில் போட்டுவிட்டுப் போன சீட்டுக்கட்டு அளவுக் குட்டிக் கம்ப்யூட்டர் இருந்ததே, அதை எடுத்தாள். மெயினை அணைத்து, ஸ்விட்சைச் சுவரிலிருந்து பிரித்து, உள்ளே இருக்கும் பலகையில் நாலு கம்பி மாட்டி, அந்தப் பக்கம் குட்டிக் கம்ப்யூட்டரில் சொருகினாள். முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. பேசும் கம்பியைப் பேசும் கம்பியோடு மாட்டியிருக்கிறாள். ரெண்டு பக்கமும் பேசிட்டே இருந்தா யாருப்பா கேக்குறது என்று சிரித்துக்கொண்டே மாற்றி மாட்டினாள். பொத்தானை அமுக்கிப் பிடித்தபடியே மின்சாரம் கொடுத்தால்தான் அது புது ஃபர்ம்வேரை, அதாவது ஸ்விட்சுக்குள் ஓடும் நிரலை, வாங்கிக்கொள்ளுமாம், அதனால் அமுக்குகிற வேலை எனக்கு. பழையதை ஒரு காப்பி எடுத்து வைக்கட்டுமா, பின்னால தம்பிக்கு வேணும்னா திருப்பிப் போடலாம் என்றாள். வேண்டாம், அழித்துவிடு என்றேன். நீ போட்ட பூட்டும் அதோடு போயிற்று, ஸ்விட்சை மறுபடி சுவரில் மாட்டியதும் பொத்தானை அமுக்கினால் விளக்கு எரிந்தது.

அரை மணி நேரம் ஆகவில்லை, உன் போன் வந்துவிட்டது. எத்தனையோ மாதம் கழித்து வீட்டு போனில் உன் குரல். அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்பாய் என நினைத்தேன். அப்பா, ஸ்விட்ச் ஆஃப்லைன்ல இருக்கு, ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க என்றாய். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பழைய செயலி இனி வேலை செய்யாதாம், குழுவில் தினமும் செய்தி வரும் என்று உன்னிடம் சொல்லிவிட்டு, அக்காவிடம் அப்படியே அமைக்கச் சொன்னேன். குட்டிக் கம்ப்யூட்டர் தானே விளக்கைப் போடும், தானே அணைக்கும், தானே உனக்குத் தகவல் சொல்லும். ரொம்பக் கொடுமைப்பா இது என்றாள். செய் என்றேன், செய்தாள்.

அதன் பிறகு அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அக்கா வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம், நம் வீட்டுப் படியெல்லாம் இனி அவளால் ஏற முடியாது. வீட்டைப் பூட்டியாயிற்று. மேஜை மேல் தூசி, கட்டிலில் சுருட்டிய மெத்தை, ஆளில்லாத அந்த அறையில் விளக்கு மட்டும் தினமும் எரிந்து அணைகிறது, நீ அதற்குக் கட்டைவிரல் காட்டுகிறாய். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்த அன்றும் காட்டினாய். அவளுக்கு விளக்கு விஷயம் தெரியாது. குழுவில் வரும் செய்தியை அக்காதான் எழுதிப் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். எம்பையன் ஒரு நாள் தவறாம விசாரிச்சிடுவான் என்று கட்டுப் பிரிக்க வரும் நர்ஸிடம் அந்தக் கட்டைவிரலைக் காட்டுகிறாள். நான் உண்மையைச் சொல்லாதது இரக்கத்தால் இல்லை. சொன்னாலும் உன் பக்கம்தான் பேசுவாள், அதைக் கேட்கிற பொறுமை எனக்கு இல்லை.

வேளைக்குச் சாப்பிடு, கண்ட நேரத்தில் தூங்காதே. நீடூழி வாழ வேண்டும் என்று அம்மா தினமும் சொல்கிறாள், அவள் ஆசியை அப்படியே அனுப்புகிறேன், என் பங்கை நீ வந்து வாங்கிக்கொள். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, அக்கா வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே விளக்கைப் பற்றி உளறி வைக்காதே. நாளை நான் போய் அந்த ஸ்விட்சைச் சுவரிலிருந்து கழற்றிவிடப் போகிறேன். இது உன் கைக்கு வரும்போது செய்தி நின்று சில நாளாகியிருக்கும், நீ பதறிப்போய் வீட்டு எண்ணை அடித்திருப்பாய், பூட்டிய வீட்டில் மணி அடித்து அடித்து ஓய்ந்திருக்கும். யாரும் எடுக்காத எண்ணைத் திரும்பத் திரும்ப அமுக்குவது எப்படி இருந்தது என்று எனக்கு எழுது. உன் அம்மா அந்தப் பொத்தானை அப்படித்தான் அமுக்கினாள்.

இப்படிக்கு,
உன் அப்பா