ஒரு கிரைண்டருக்கு இவ்வளவு பெரிய ஜெனரேட்டர் எதற்கு?

அக்கா,

உங்கள் மாவு கிரைண்டரை ஓட்டச் சிறிய ஜெனரேட்டரே போதும் என்று கண்ணால் பார்த்த பிறகும், நீங்கள் ஏன் பெரியதை வாங்கினீர்கள்? எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை. கல்லூரியில் பொருளியல் சொல்லிக் கொடுத்தே வயதாகிவிட்டவள், ஒருவர் ஒரு பொருளை ஏன் வாங்கினார் என்று தெரியாது என ஒப்புக்கொள்வது அவ்வளவு மரியாதையான காரியம் இல்லை. இருந்தாலும் தெரியாது.

இன்று காலை அந்த ஜெனரேட்டர் என்னிடமே வந்து சேர்ந்துவிட்டது. உங்கள் வீட்டுக்காரர் போபோடியில் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு ஆம்பூருக்கு, மகள் வீட்டுக்குப் போகிறார். டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் பார்க்கிங்கில் இறக்கிவிட்டு, "டீச்சர்கிட்ட குடுத்துடுன்னு அவதான் சொல்லிட்டுப் போனா" என்றார். எங்கள் குடியிருப்புக்கே பெரிய டீசல் ஜெனரேட்டர் இருக்கிறது, இது எனக்கு எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மண்ணெண்ணெய் வாசனை வந்தது. டேங்கின் மேல் நீங்கள் வைத்த குங்குமம் துருவோடு துருவாக இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. வாங்கி வைத்துக்கொண்டேன்.

நம் அறிமுகமே சந்தேகத்தில்தான் தொடங்கியது. நான் குடியிருக்கும் வாகட்டில் அப்போது கட்டடங்களைவிடக் காலி மனைகள் அதிகம். போபோடியிலிருந்து ஒரு தமிழ்ப் பெண்மணி இட்லி மாவு கொண்டுவந்து தருகிறார் என்று கேள்விப்பட்டு வரச் சொன்னேன். மாவை முகர்ந்து பார்த்தேன். சோடா உப்பு சேர்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"சோடா போடற மாவா இருந்தா, இத்தினி நேரம் மோந்து பாத்ததுக்கு உங்க மூஞ்சியாவது கொஞ்சம் பொங்கியிருக்கணுமே டீச்சர்?" என்றீர்கள்.

அன்றிலிருந்து வாரம் தவறாமல் உங்களிடம்தான் வாங்கினேன். மெதுவாக எங்கள் பகுதியின் தமிழ் வீடுகள் எல்லாமே உங்களிடம் வந்துவிட்டன. அப்புறம் மின்வெட்டு வந்தது. நீங்கள் அரிசியைக் கிரைண்டரில் போடும் நேரம் பார்த்து அது தினமும் வந்தது. பாதி அரைபட்ட மாவோடு கல் நின்றுவிடும். கையால் சுற்றிப் பார்த்துத் தோள் வீங்கி வந்தீர்கள். வாகட் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் பொங்கல் விழாவுக்கு வடை மாவும் இட்லி மாவும் உங்கள் பொறுப்பு. அதற்கு முந்தின இரண்டு ஆர்டர்களும் தாமதமாகியிருந்தன. இந்த முறையும் தாமதமானால் கேட்டரிங்காரரிடம் போய்விடுவோம் என்று விழாக் குழுவில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் போனால் மற்ற வீடுகளும் போகும். உங்கள் தொழிலே வாகட்தான்.

ஜெனரேட்டர் வாங்கலாம் என்று நீங்கள் சொன்னபோது நான் இரண்டு நாள் படித்தேன். கிரைண்டரின் அடியில் ஒட்டியிருந்த தகட்டைப் பார்த்து, அது கிளம்பும்போது கூடுதலாக இழுக்கும் மின்சாரத்துக்கும் இடம் விட்டு, ஒரு குண்டு பல்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன். கடையில் இருப்பதிலேயே சிறியது போதும் என்று வந்தது. கடைக்காரர்களை நம்பக் கூடாது, நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்தேன்.

கேம்ப் கடைத்தெருவில் ஜெனரேட்டர் கடை வாசலில் நான் காத்திருந்தபோது ஓர் ஆட்டோ வந்து நின்றது. பின் இருக்கையில் உங்கள் கிரைண்டர் உட்கார்ந்திருந்தது. நீங்கள் அதைக் கட்டிப்பிடித்தபடி ஓரமாக ஒடுங்கியிருந்தீர்கள். மடியில் ஊறவைத்த உளுந்து.

"கிரைண்டர் வாங்கறப்ப அரைச்சுப் பாத்துத்தானே வாங்கினோம்? இத மட்டும் சும்மா வாங்கிருவாங்களா?" என்றீர்கள்.

நான் வேறு யாருடனோ வந்தவள் போல இரண்டடி தள்ளி நின்றேன்.

கடைக்காரருக்கு ஒரே ஒரு இந்திச் சொல்தான் தெரியும். சலேகா. ஓடும், போதும், பரவாயில்லை, கவலைப்படாதே, எல்லாமே அவருக்கு அந்த ஒரு சொல்தான். மிக்சி ஓடுமா? சலேகா. ஃபிரிட்ஜ்? சலேகா. மழையில் நனைந்தால்? சற்று யோசித்து, சலேகா. பொறுப்பாகப் பேசிய ஒரே இடம், வீட்டுக்குள் வைத்து ஓட்டவே கூடாது, புகை ஆளைக் கொன்றுவிடும் என்று சொன்ன இடம்தான். அதை மட்டும் நான் நம்பினேன்.

நடைபாதையில் வைத்துச் சிறியதைக் கிளப்பினார்கள். பெட்ரோலில் கிளம்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறியது. கிரைண்டரைப் போட்டதும் ஒரு முறை முக்கியது. பிறகு சீராக ஓடியது. கூட்டம் கூடிவிட்டது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். உளுந்து நுரைத்து மேலே வந்தது. என் கணக்கு சரியாக இருந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை. அந்தப் பெருமை முழுதாக மலர்வதற்குள் நீங்கள் கடைக்காரர் பக்கம் திரும்பி, மூலையிலிருந்த சிவப்பு நிறப் பெரியதைக் கை காட்டினீர்கள்.

"இதே போதுமே அக்கா. நீங்களே பாத்தீங்களே" என்றேன்.

"பாத்தேன் டீச்சர். நல்லாத்தான் கீது. இருக்கட்டும்."

அவ்வளவுதான் விளக்கம். விலை அதிகம், எடை அதிகம், எண்ணெயும் அதிகம் குடிக்கும் என்று ஆட்டோ கிளம்பும்வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். நீங்கள் அரைத்த மாவை வீணாக்க மனமில்லாமல் ஒரு பையில் வழித்துக் கடைக்காரரிடம் கொடுத்து, வடை சுடும் விதத்தைக் கையாலேயே காட்டிக்கொண்டிருந்தீர்கள். அவர் அதற்கும் சலேகா என்றார்.

பொங்கலுக்கு முந்தின நாள் மின்சாரம் போனது. உங்கள் வீட்டுக்கு வெளியே, சந்து முனையில் தகரத்தின் கீழ் வைத்த ஜெனரேட்டருக்குச் சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் ஆகியிருந்தன. சாமந்தி மாலையைப் புகைக்குழாயின் மேலேயே போட்டிருந்தீர்கள். கிளம்பிய சிறிது நேரத்தில் பூ கருகி, சந்தில் இருந்தவர்கள் தீப்பிடித்துவிட்டதென்று தண்ணீரோடு ஓடிவந்தார்கள். நல்லவேளை, ஊற்றவில்லை.

வந்தவர்கள் திரும்பிப் போகவும் இல்லை. இடது வீட்டு ஜன்னலிலிருந்து ஓர் ஒயர் வந்தது, டிவிக்கு. வலது வீட்டிலிருந்து ஒன்று. எதிரில் இருந்த தையல்காரப் பெண் மோட்டார் மெஷினுக்கென்று ஒயரின் நுனியோடு வந்து நின்றாள்; பொங்கல் ரவிக்கைகள் பாக்கியாம். யார் யாருடைய போன்களோ ஒரு பலகையில் வரிசையாகச் சொருகிக் கிடந்தன.

"அக்கா, இது உங்க தொழிலுக்கு வாங்கினது" என்றேன்.

"கிரைண்டர் சுத்துதா இல்லியா? அப்புறம் இன்னா உங்களுக்கு டென்ஷன்?"

சொல்லி வாய் மூடவில்லை, எல்லாம் நின்றது. டிவி, தையல் மெஷின், கிரைண்டர், எல்லாமே. கடைசி ஈட்டு உளுந்து பாதியில் கிடந்தது. நீங்கள் உளுந்து தள்ளும் கரண்டியோடு வெளியே வந்து ஒவ்வொரு ஒயராகப் பிடித்துக்கொண்டே போனீர்கள். ஒரு ஒயர் மட்டும் உங்கள் வீட்டுக்குள்ளேயே, குளியலறைக்குள் போனது. அதன் மறுமுனையில் ஒரு பக்கெட். பக்கெட்டில் வெந்நீர் ராடு. பக்கத்தில் துண்டோடு உங்கள் வீட்டுக்காரர்.

"ஷிஃப்ட்டுக்குப் போற மனுஷன். இந்தக் குளிர்ல பச்சத் தண்ணியிலயா குளிக்கறது?" என்றார்.

"ஊரு முழுக்க ஒயர் போட்டுது, ஒண்ணும் ஆவல. கட்டின புருஷன் போட்டாரு, கம்பெனியே நின்னுபோச்சு" என்றீர்கள் சந்துக்கே கேட்கும்படி.

அவர் பச்சைத் தண்ணீரில் குளித்தார். ஜெனரேட்டரை மறுபடி கிளப்பினோம். இழந்த நேரத்தை ஈடுகட்ட நீங்களும் நானும் மட்டும் போதாது என்று எனக்குத் தெரிந்தது. நீங்கள் அது தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. தையல்காரப் பெண் மாவை அள்ளி வைத்தாள். டிவிக்காரர்கள் பாத்திரங்களைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். விழாக் குழுவினர் சொன்ன நேரத்துக்கு முன்பே நாம் வாகட்டில் இருந்தோம். மறுநாள் விழாவில் எல்லோரும் வடையைப் பற்றியே பேசினார்கள். அதன் பிறகு கேட்டரிங்காரர் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அந்த ஒயர்கள் வரும் என்று கேம்ப் நடைபாதையிலேயே உங்களுக்குத் தெரியுமா? அல்லது சிவப்பு நிறம் பிடித்திருந்ததா? ஒரு முறை கேட்டேன். "இன்னா டீச்சர், அத இன்னுமா கேட்டுகினு கீறீங்க" என்று சிரித்தீர்கள். கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோதும் கேட்கலாம் என்று நினைத்தேன். நீங்கள் முந்திக்கொண்டு, வாகட் வீடுகளுக்கு யார் மாவு கொடுக்கிறார்கள் என்று கேட்டீர்கள். கடைப் பாக்கெட் என்றேன். "சோடா" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

இப்போதெல்லாம் எதை வாங்கப் போனாலும், இது யாருக்கெல்லாம் போதும் என்று ஒரு கணம் யோசிக்கிறேன். வாங்குவதென்னவோ இன்னும் சிறியதைத்தான்.

நேற்று இதுவரை எழுதி நிறுத்தியிருந்தேன். இன்று நடந்ததையும் சேர்த்துவிடுகிறேன்.

இன்று வியாழன், எங்கள் பகுதியில் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாள். வழக்கம்போல் மின்சாரம் போனது. குடியிருப்பின் டீசல் ஜெனரேட்டர் கிளம்பவில்லை. உங்களுடையது ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் கீழே போனேன். வாட்ச்மேனும் நானும் அதைப் பார்க்கிங்கிலிருந்து தள்ளிக்கொண்டுபோய் மதில் ஓரம் வெட்டவெளியில் வைத்தோம். கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்த பிறகு கிளம்பியது. கட்டடமே அதிரும் சத்தம். அப்போதுதான் எனக்கு உறைத்தது: என் வீடு நான்காவது மாடி, அவ்வளவு நீளத்துக்கு என்னிடம் ஒயர் இல்லை. ஒன்றுமே இணைக்காமல் ஓர் இயந்திரத்தை ஓடவிட்டு, அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டாவது மாடிப் பெண் சண்டைக்குத் தயாராக இறங்கி வந்தாள். மூன்று வருடமாக லிஃப்டில் பார்த்துத் தலையசைத்திருக்கிறோம், அவ்வளவுதான். பக்கத்தில் வந்து, "கடவுளே, என்னா சத்தம்" என்று தனக்குள் தமிழில் சொன்னாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவளும் பார்த்தாள். பிறகு மேலே போய், ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டோடு வந்தாள்.

"ஆன்ட்டி, லேப்டாப் மட்டும் சார்ஜ் போட்டுக்கலாமா?"

"சலேகா" என்றேன்.

சிறிது நேரத்தில் இன்னும் நான்கு பேர் ஒயரோடு வந்தார்கள். யாராவது வெந்நீர் ராடு கொண்டுவருகிறார்களா என்று ஒவ்வொருவர் கையையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.